பழைய லாரியில் காலை ஸ்டார்ட் புகை: காரணத்தை வரிசையாகத் தேடிப் பிடிப்பது எப்படி

ராத்திரி முழுக்க நின்ற லாரியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு மேகம் கிளம்புகிறது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் புதிதாகக் கை வைக்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: புகையைப் பார்த்த பதற்றத்தில் நாலு தடவை ரேஸ் கொடுக்கிறார்கள், இன்ஜின் சூடேறிவிடுகிறது, புகை நின்றுவிடுகிறது, அதோடு அன்றைய தடயமும் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு உருப்படியான குளிர் ஸ்டார்ட் ஒன்றுதான் கிடைக்கும். அதற்கு முன்னால் என்ன பார்ப்பது, அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பார்ப்பது என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

கீழே உள்ளது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டியை மனதில் வைத்து எழுதியது. காமன் ரெயில் வண்டிக்கும் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் புதிய வகை) பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

1. முந்தின நாள் சாயங்காலம்: வண்டியையும் சாமான்களையும் தயார் செய்வது

வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் டிப்ஸ்டிக் அளவு பொய் சொல்லும். முகப்பு மேட்டைப் பார்த்து நின்றால் டீசல் டேங்குக்குத் திரும்பி வடிவதும் வழக்கத்தைவிட அதிகமாகும். மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்து புகை பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சைலன்சர் வாய் பின்னால் மரமோ இருண்ட சுவரோ இருக்கும்படி நிறுத்தினால் நல்லது. வெளிறிய வானத்தின் முன்னால் நீலப் புகையும் வெள்ளைப் புகையும் ஒன்றாகத்தான் தெரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், நாலைந்து வெள்ளை அட்டை, கண்ணாடியும் கையுறையும், ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய், கிளிப் இரண்டு. அப்புறம் ஏர் இன்டேக் குழாயின் வாயை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு தட்டையான கனமான பலகை. இது எதற்கு என்று மூன்றாவது படியில் தெரியும், சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

ரேடியேட்டரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். காலையில் அந்த மட்டம் இறங்கியிருந்தால் அது பெரிய செய்தி. முந்தின நாள் பார்க்காமல் விட்டவருக்கு அந்தச் செய்தி கிடைக்காது.

2. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், கூடியிருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் ஆயிலில் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. விரலில் தேய்த்து மோந்து பாருங்கள். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, வாடை தெளிவாக வரும். தண்ணீர் கலந்தால் பால் விட்ட காபி நிறத்துக்கு வரும், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் அந்தப் பசை தெரியும். குளிர் நாளில், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது நீராவி படிந்தது. டிப்ஸ்டிக்கிலும் இருந்தால்தான் விஷயம். ஆயில் மட்டம் ஏறியிருக்கும் வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காரணம் கண்டு, ஆயில் மாற்றிய பிறகுதான் அடுத்த படி.

அடுத்து ரேடியேட்டர் மட்டம். முந்தின நாள் குறித்ததோடு ஒப்பிடுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்திருந்தால், அது சிலிண்டருக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 காட்ட வேண்டும், 24 வோல்ட் வண்டியில் இரண்டும் சேர்ந்து 25.2. இதைப் புகையோடு சம்பந்தமில்லாத விஷயமாக நினைப்பதுதான் தவறு. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் நழுவிவிடும், பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். நல்ல இன்ஜினையே பலவீனமான பேட்டரி நோயாளியாகக் காட்டிவிடும்.

கடைசியாக ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு பார்வை. எலி கூடு கட்டி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

3. ஸ்டார்ட் செய்யும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் பின்னால். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) இருந்தால் அதன் முழு நேரம் காத்திருந்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். பல பழைய பம்புகளில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஸ்டார்ட் செய்தால் கூடுதல் டீசல் விழும், அதனால் வரும் கரும்புகையைப் பார்த்து வேறொரு முடிவுக்குப் போய்விடுவீர்கள்.

செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டர் பேட்டரியில் இருக்கட்டும். 12 வோல்ட் வண்டியில் சுமார் 9.6க்குக் கீழே, 24 வோல்ட் வண்டியில் சுமார் 19க்குக் கீழே போனால் பேட்டரி, கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள். அதற்கு முன் புகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

செல்ஃப் ஒரு “டக்” சத்தத்தோடு சட்டென்று நின்றுவிட்டால் மறுபடி அடிக்கவே கூடாது. ஒரு சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். திரவத்தை அழுத்த முடியாது என்பதால் இன்னொரு தடவை முயன்றால் கனெக்டிங் ராடு வளையும். நாசில்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகளை) கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி வெளியேற்ற வேண்டும்.

அப்புறம் அந்தப் பலகை. டர்போ சீல் போனாலோ ஆயிலில் டீசல் கூடினாலோ இன்ஜின் தன் சொந்த ஆயிலையே குடித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஏறும். அப்போது சாவியை அணைத்தாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அவை நிறுத்துவது பம்ப் டீசலை மட்டும்தான். காற்றை அடைத்தால்தான் நிற்கும். பலகையால் மூடுங்கள். கையையோ துணியையோ கொண்டு போகாதீர்கள், உறிஞ்சி இழுத்துவிடும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு அதைத் தள்ளி வையுங்கள். ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள வண்டியில் அது வெடிக்கும். மற்ற வண்டியிலும் உண்மையான ஸ்டார்ட் எப்படி இருக்கிறது என்பதை மறைத்துவிடும்.

4. முதல் இரண்டு நிமிடத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது

போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இவற்றைக் கவனியுங்கள்: எத்தனை விநாடி செல்ஃப் அடித்த பிறகு பிடித்தது, செல்ஃப் அடிக்கும்போதே புகை வந்ததா அல்லது பிடித்த பிறகுதான் வந்ததா, ஒரே ஊதாக வந்து நின்றதா தொடர்ந்து வந்ததா, ஐட்லிங் சீராக இருந்ததா மிசிங் அடித்ததா (ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறியதா).

என் கணக்கில் நிறத்தைவிட இந்த நேரக் கணக்கு நம்பகமானது. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை. பற்றவைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், டீசல் லைனைப் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. பிடித்த உடனே ஒரு நீல ஊது வந்து அரை நிமிடத்தில் தீர்ந்தால் இரவில் எங்கிருந்தோ ஆயில் சொட்டியிருக்கிறது.

நிறம் பார்க்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அதே நீலப் புகையைச் சூரியனுக்கு எதிராகப் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். டீசல் பனி மிக நுண்ணிய துளியாக வந்தால் அதுவும் நீலம் தட்டும்.

அதனால்தான் அட்டை. சைலன்சர் வாயிலிருந்து ஓரடி தள்ளி, பக்கவாட்டில் நின்று, அட்டையை அரை நிமிடம் பிடியுங்கள். நிழலில் அரை மணி நேரம் காய வையுங்கள். தடயமில்லாமல் காய்ந்தால் தண்ணீர். வாடையோடு ஈரத் திட்டு நின்றால் டீசல். காயாத, வழவழப்பான புள்ளிகள் நின்றால் ஆயில். தேய்த்தால் வரும் உலர்ந்த கரி என்றால் கரும்புகை. கண் எரிச்சலும் ஒரு அடையாளம்: எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், நீராவி கரிக்காது. ஒரு நிமிடத்தில் காற்றில் கரைந்துபோகும் மெல்லிய வெண்புகை குளிர்ந்த காலையில் எல்லா இன்ஜினிலும் வரும், அதைத் துரத்த வேண்டாம்.

5. வெள்ளைப் புகை, அட்டையில் டீசல்

இங்கேதான் அதிகம் பேர் நேராக நாசிலைக் கழற்றுகிறார்கள். நானும் ஒரு தடவை ஆறு நாசிலையும் கழற்றி, டெஸ்ட் செய்து, மாட்டி, மறுநாள் காலை அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் காரணம் ஹேண்ட் பிரைமரின் (டீசல் லைனில் கையால் அடிக்கும் சின்ன பம்பின்) உள்ளே இருந்த ஒரு சின்ன ரப்பர். அதனால் எளிதாகக் கழற்ற முடிவதிலிருந்து தொடங்குங்கள்.

அ) ஹீட்டர் பிளக். எல்லா லாரியிலும் இது இருக்காது, பெரிய இன்ஜின்களில் பெரும்பாலும் இன்டேக் ஹீட்டர்தான். பிளக் இருந்தால் முதலில் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருந்தால் நல்ல பிளக்கும் குளிர்ந்தே இருக்கும். பிறகு ஒவ்வொரு பிளக்கின் இணைப்பையும் கழற்றி ஓம் அளவு எடுங்கள். பொதுவாக ஓரிரு ஓம் அளவில்தான் இருக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் இணைப்பே இல்லை என்று காட்டினால் அது போய்விட்டது. ஒரு பிளக் போனால் ஒரு சிலிண்டர் மட்டும் மிசிங் அடித்து, ஒரு நிமிடத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும். இது மிக வழக்கமான நோய்.

ஆ) டீசல் லைனில் காற்று. அறிகுறி: நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்ததும் தடுமாறி, விட்டுவிட்டு வெள்ளையாக ஊதுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. இதற்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. மறுநாள் காலையில் செல்ஃப் அடிக்கும் முன் ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்து, புகையும் குறைந்தால் இரவில் டீசல் பின்னால் வடிகிறது என்று அர்த்தம்.

அது எங்கே என்று தேடும்போது, டீசல் ஒழுகும் இடத்தைத் தேடாதீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு வராமலே காற்று உள்ளே நுழையும். பம்புக்கு முன்னால் அந்தத் தெளிவான குழாயை மாட்டிவிட்டு ஓட விடுங்கள், குமிழி தெரியும். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக டேங்கை நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் குமிழி நின்றுவிடும் இடத்துக்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. பழைய செம்பு வாஷர், ஃபில்டர் ரப்பர், வெடித்த ஹோஸ், பிரைமர் சீல் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

இ) எந்தச் சிலிண்டர்? ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு கிளையின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எடுங்கள். எரியாத சிலிண்டரின் கிளை மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்து நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டும், ஐட்லிங்கில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். கெட்ட சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் மாறாது, புகை குறையும். துணி சுற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். இந்தப் பழைய நாசில்களே 120 முதல் 250 பார் வரையிலான அழுத்தத்தில் திறப்பவை, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும் என்பதால் அங்கே இந்தச் சோதனையை நினைக்கவே கூடாது.

கெட்ட சிலிண்டர் தெரிந்த பிறகு அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள், வாஷர் மட்டும் புதியது. மறுநாள் காலை நோய் நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில் குற்றவாளி. அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும், ஒன்பதாவது படி.

6. வெள்ளைப் புகை, அட்டையில் தண்ணீர்

கூலன்ட் இனிப்பு வாடை அடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், கூலன்ட் ஊற்றியிருந்தால். பழைய லாரிகளில் வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதில் என்ன வாடை வரும்? எனவே வாடை இல்லை என்பதை வைத்து ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை) விடுதலை செய்துவிடாதீர்கள்.

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேறுவதற்கு முன்பே, முதல் நிமிடத்திலேயே தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் போகிறது. சூடேறிய பிறகு மூடியைத் திறந்து பார்க்கும் தவறைச் செய்யாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

குமிழி இல்லை ஆனால் மட்டம் இறங்குகிறது என்றால், கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் நாசில்களைக் கழற்றி, யாரும் குனிந்து பார்க்காதபடி, கையால் ஒரு சுற்று சுற்றினால் எந்தத் துளையில் தண்ணீர் தெறிக்கிறதோ அந்தச் சிலிண்டர். ஹெட்டைத் தூக்கும்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, நாசில் ஸ்லீவ் உள்ள இன்ஜினில் அது கசிகிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

7. நீலப் புகை

ஆயில் மட்டம் அளவுக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். பிறகு பிரீதர் குழாய், அதாவது கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) மூச்சுவிடும் குழாய். அது அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல டர்போ சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். டர்போ மாற்றியும் புகை நிற்காத கதைகளில் பிரீதரும் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பும்தான் பலமுறை வில்லன்கள். இரண்டையும் சுத்தம் செய்ய அரை நாள் போதும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி ஐட்லிங்கில் அதன் வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது: ரிங், லைனர் பக்கம் போக வேண்டும்.

பேக் கம்ப்ரஷன் இல்லை, காலையில் ஒரு ஊது மட்டும் வந்து நிற்கிறது, பகலில் லோடு ஏற்றினாலும் சுத்தம் என்றால் வால்வு சீலும் கைடும். இரவில் ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டி நிற்கிறது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்ததும் அழுத்திப் பார்க்கச் சொல்லும் சோதனை பெட்ரோல் வண்டிக்கானது. பெரும்பாலான பழைய டீசலில் இன்டேக்கில் த்ராட்டில் தகடு இல்லாததால் அங்கே அந்த உறிஞ்சல் வராது, சோதனை ஒன்றும் காட்டாது. அதற்குப் பதிலாக, சூடேறிய இன்ஜினை இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு ஒரு தடவை ரேஸ் கொடுங்கள். நீல ஊது வந்தால் சீலோ டர்போவோ. டர்போவின் இருபுறக் குழாயையும் கழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் ஈர ஆயில் இருந்தால், அந்த ஆயில் டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டிலும் ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னாலேயே இருந்தால் அது இன்ஜினிலிருந்து வருவது, டர்போவைத் திட்ட வேண்டாம்.

8. கரும்புகை

ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஒரு கரிய ஊது பழைய பம்புக்கு இயல்பு. பத்து விநாடிக்கு மேல் நீடித்தால் ஏர் ஃபில்டர், மடங்கிய இன்டேக் ஹோஸ், ஸ்டார்ட்டுக்கான கூடுதல் டீசல் ஏற்பாடு திரும்பாமல் சிக்கியிருப்பது, ஒழுகும் நாசில், இந்த வரிசையில் பாருங்கள். பம்பின் அளவு மாற்றாமல் இருக்கப் போட்டிருக்கும் முத்திரையை உடைத்து டீசலைக் குறைத்துப் புகையை ஒழிக்கப் பார்க்காதீர்கள்; வண்டி இழுக்காது, மூல நோய் அப்படியே இருக்கும்.

9. கம்ப்ரஷனும் டைமிங்கும் ஏன் கடைசியில்

இரண்டுமே நேரம் பிடிக்கும், கழற்ற வேண்டியது அதிகம். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை) முதலில் சரி செய்துவிடுங்கள். அந்த இடைவெளி இறுகிப்போன வால்வு முழுசாக மூடாது, ரிங் தேய்ந்த மாதிரியே காட்டும்.

டீசலுக்கான கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல டீசல் இன்ஜினில் 25 முதல் 35 பார் அளவில் வரும், உங்கள் இன்ஜினுக்கான எண் மேனுவலில் இருக்கும். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 3 முதல் 5 பார் குறைந்து நின்றால் காரணம் அங்கேதான். சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பெட்ரோல் வித்தையை இதில் செய்யாதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது, ஊற்றிய ஆயிலே அளவை உயர்த்திக் காட்டிவிடும். அதற்குப் பதிலாகக் கம்ப்ரஸர் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுச் சத்தம் கேளுங்கள்: இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். பிஸ்டன் உச்சியில் இருக்கும்படி இன்ஜினைப் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அதைச் சுழற்றிவிடும்.

எல்லாச் சிலிண்டரும் சமமாக நன்றாக இருந்தும், எல்லாவற்றிலிருந்தும் வெள்ளைப் புகை வந்து, சூடான பிறகும் கண் கரித்து, வண்டி மந்தமாக இழுத்தால் அப்போதுதான் பம்ப் டைமிங். தாமதமாக விழும் டீசல் முழுதாக எரிய நேரம் இல்லாமல் வெளியேறுகிறது. பம்பை யாராவது அண்மையில் கழற்றி மாட்டியிருந்தால் மட்டும் இதை முன்னாலேயே பார்க்கலாம்.

10. சரி செய்ததை உறுதி செய்வது

ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம். பிளக்கையும் நாசிலையும் ஃபில்டரையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் புகை நின்றால் எது காரணம் என்று தெரியாது, திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள், அந்த இன்ஜின் இன்னும் ஆறியிருக்காது. தொடர்ந்து மூன்று காலை, அதே இடம், அதே அட்டை, அதே கோணத்தில் வீடியோ. நீலப் புகை வண்டியில் சைலன்சருக்குள் படிந்த பழைய ஆயில் எரிந்து தீரவே சில நாள் ஓட்டம் பிடிக்கும். அதனால் முதல் காலையில் கொஞ்சம் மிச்சப் புகை வந்தால் ஹெட்டை மறுபடி தூக்க வேண்டாம், லோடோடு ஒரு நெடும்பயணம் போய்விட்டு வந்து பாருங்கள்.